டொராண்டோவில் பனி வழிப்பது யார் பொறுப்பு? வாசற்படி முதல் சைக்கிள் பாதை வரை முழு வழிகாட்டி

டொராண்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த வீட்டுக்காரர், பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர், கடை நடத்துபவர், சைக்கிளில் உணவு டெலிவரி செய்யும் மாணவர் என்று எல்லாருக்கும் இதில் ஏதாவது இருக்கிறது.

புதிதாக வந்தவர்கள் தடுமாறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். பனி அள்ளும் ஷவலைப் பிடிப்பதை இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள். எந்த இடம் யாருடையது என்று பார்க்காமல் தொடங்குவதுதான் சிக்கல். சிட்டி, அதாவது மாநகராட்சி, வழிக்கும் நடைபாதையில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுவார்கள், தாங்கள் வழிக்க வேண்டிய படிக்கட்டு ஐஸ் பிடித்துக் கிடக்கும். அள்ளிய பனி சைக்கிள் பாதையில் போய் விழும். அதனால் நிலம், விதி, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஷவலை அப்புறம் எடுக்கலாம்.

1. பனி விழுமுன் நிலத்தைப் பிரித்துப் பாருங்கள்

வாசலில் நின்று தெருவை நோக்கிப் பாருங்கள். முதலில் உங்கள் காணி: படிக்கட்டு, வாசலுக்குப் போகும் பாதை, கார் விடும் டிரைவ்வே, பக்கவாட்டில் பேஸ்மென்டுக்கு இறங்கும் வழி. அடுத்து நடைபாதை. அதையும் தாண்டினால் ஒரு புல் பட்டை, அதன் பிறகு தெரு. சில தெருக்களில் தெருவோரத்தில் சைக்கிள் பாதையும் இருக்கும்.

நடைபாதையும் புல் பட்டையும் தெருவும் மாநகராட்சியின் நிலம். பல வீடுகளில் முன்முற்றத்தின் ஒரு பகுதிகூட மாநகராட்சிக்குச் சொந்தம். வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த சர்வே வரைபடம் இருந்தால் எடுத்து எல்லைக் கோட்டைப் பாருங்கள். நீங்கள் புல் வெட்டும் இடமெல்லாம் உங்கள் காணி என்று எண்ண வேண்டாம். யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் எழும் கேள்வி இந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

டிரைவ்வே தெருவைத் தொடும் இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் பனியைத் தள்ளும் ப்ளோ வண்டி போகும்போது ஒரு பனி வரப்பை அங்கே தள்ளிவிட்டுப் போகும். டொராண்டோவின் ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ பகுதிகளில் இயந்திரம் நுழையக்கூடிய தெருக்களில் இந்த வரப்பையும் சிட்டியே திறந்துவிடும். ஆனால் ப்ளோ வண்டிக்குப் பின்னால் உடனே வந்துவிடாது. காலையில் அவசரமாக வேலைக்குப் போக வேண்டும் என்றால் நீங்களே வழிப்பதுதான் வழி.

2. உங்கள் ஊரின் விதியைத் தேடுங்கள்

இது ஊருக்கு ஊர் மாறும். கிச்சனரில் இருக்கும் மாமா சொன்னதை ஸ்கார்பரோவில் செய்வதும், ஸ்கார்பரோவில் பழகியதை ஹாமில்டனில் செய்வதும் நான் அடிக்கடி காணும் பிழை.

டொராண்டோவில் 2021-22 குளிர்காலம் வரை இரண்டு முறைகள் இருந்தன. புறப்பகுதிகளில் சிட்டி நடைபாதையை வழித்தது. நகரின் மையப் பகுதியிலோ பனி நின்று 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே வீட்டு முன்னாலுள்ள நடைபாதையை வழிக்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முதல், இயந்திரம் போகக்கூடிய எல்லா நடைபாதைகளையும் மாநகராட்சி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நகரம் முழுவதும் சுமார் 7,900 கி.மீ. நடைபாதை இருக்கிறது. மிகக் குறுகலான பாதை உள்ள பழைய தெருவில் குடியிருந்தால், உங்கள் தெரு எப்படி வழிக்கப்படுகிறது என்று மாநகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய விதியை மனதில் வைத்துப் பேசும் அயலவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நடைபாதை கையை விட்டுப் போனதால் உங்கள் பொறுப்பு முடிந்துவிடவில்லை. சொத்துப் பராமரிப்பு விதி, அதாவது மாநகராட்சிச் சட்டத் தொகுப்பின் 629-ஆம் அத்தியாயம், உங்கள் காணிக்குள் இருக்கும் படி, பாதை, டிரைவ்வே, வாகன நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பனி விழுந்து 24 மணி நேரத்துக்குள் வழிக்கச் சொல்கிறது. கடைக்காரர்களுக்கும் இதே நிலைதான். கடை முன்னாலுள்ள பொது நடைபாதை சிட்டியுடையது. கதவுப் படியும் வாடிக்கையாளர் கார் விடும் இடமும் காணிக்காரரும் கடைக்காரரும் பார்க்க வேண்டியவை. அவர்களில் யார் என்பதைக் கடை வாடகை ஒப்பந்தத்தில் தேடுங்கள்.

கிச்சனர், வாட்டர்லூ போன்ற ஊர்களில் வீட்டு முன்னாலுள்ள பொது நடைபாதையையும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே வழிக்க வேண்டும். மேற்கே கால்கரியிலும் அப்படித்தான். தவறினால் மாநகராட்சி ஆளை அனுப்பி வழித்துவிட்டு, செலவை உங்கள் கணக்கில் ஏற்றும். வேறு ஊருக்கு வீடு மாறும்போது பள்ளிக்கூடம், பேருந்து பற்றி விசாரிப்பதோடு இதையும் விசாரித்துவிடுங்கள்.

3. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

நம்மவர்களிடம் மிகவும் குழம்பிக் கிடப்பது இதுதான். மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்டில் இன்னொரு குடும்பம், பக்கவாட்டில் ஒரே நடைவழி. ‘பேஸ்மென்டில் இருப்பவர் பனி வழிக்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அதோடு பொறுப்பு கை மாறிவிட்டது என்று வீட்டுக்காரர் நம்புகிறார்.

மாறவில்லை. ஒன்டாரியோவின் வாடகைக் குடியிருப்புப் பராமரிப்பு விதிப்படி வெளியிலுள்ள பொதுவழிகளைப் பனியும் ஐஸும் இல்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. 2009-இல் மாண்ட்கோமரி எதிர் வான் என்ற வழக்கில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வாடகைக்காரர் பனி வழிக்கலாம். ஆனால் அது வாடகை ஒப்பந்தத்திலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய தனி வேலை ஒப்பந்தமாக, கைமாறு பேசியதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் வீட்டுக்காரரின் சட்டக் கடமை அவரோடுதான் இருக்கும்.

வீட்டுக்காரர்கள் இதைச் செய்யுங்கள்: பேஸ்மென்டில் இருக்கும் தம்பியிடம் வேலையைக் கொடுக்க விரும்பினால், தனித் தாளில் எழுதுங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குள், மாதம் எவ்வளவு பணம், உப்பும் ஷவலும் யார் வாங்குவது என்று நான்கு வரி போதும். பேசிய பணத்தைத் தவறாமல் கொடுங்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களுக்கு மாற்று ஆள் யார் என்றும் எழுதுங்கள். பனி அந்த நாட்களைப் பார்த்துத்தான் விழும்.

வாடகைக்காரர்களுக்கு: வழி ஐஸ் பிடித்துக் கிடந்தால் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல், படம் எடுத்து வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். எப்போது சொன்னீர்கள் என்பது பதிவாகிவிடும். மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து அறை எடுத்திருக்கும் வீடுகளில் இதை யாரும் செய்வதில்லை. வீட்டுக்கார அண்ணாவிடம் போய் எப்படி எழுத்தில் கேட்பது என்று தயங்குகிறார்கள். மரியாதையாகவே எழுதலாம். எழுதுவது சண்டை ஆகாது.

4. நவம்பர் முடிவதற்குள் தயாராகுங்கள்

முதல் பெரிய பனிக்கு முந்தின மாலையில் கடைகளில் உப்பும் ஷவலும் கிடைப்பது கஷ்டம். முன்பே வாங்கி வையுங்கள்.

ஷவல் இரண்டு தேவை: தள்ளுவதற்கு அகலமானது ஒன்று, அள்ளி எறியச் சிறியது ஒன்று. பெரிய ஷவலால் ஈரப் பனியை அள்ளினால் முதுகு பிடித்துக்கொள்ளும். ஐஸ் உடைக்கத் தட்டையான இரும்பு நுனி உள்ள கருவி, ஒரு வாளி உப்பு, ஒரு வாளி மணல், வழுக்காத அடிப்பாகம் உள்ள பூட்ஸ் ஆகியவையும் வேண்டும். ஷவலை வீட்டுக்குள், கதவருகே வையுங்கள். கொட்டகையில் வைத்தால் அதை எடுக்கப் பனியில் புதைந்து நடக்க வேண்டி வரும்.

அடுத்து, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால் பகலில் உருகும் தண்ணீர் அங்கே ஓடி இரவில் கண்ணாடி ஐஸாக உறையும். பொது நடைபாதையில் ஒருவர் விழுந்ததற்கு வீட்டுக்காரர் பொதுவாகப் பொறுப்பில்லை என்று 2000-ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே விதிவிலக்கும் உண்டு: உங்கள் காணியிலிருந்து போன தண்ணீரோ பனியோ ஆபத்தை உண்டாக்கியிருந்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். குழாயின் வாயைப் புல் பக்கம் திருப்பிவிடுவது அரை மணி நேர வேலை.

பனியை எங்கே குவிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முன்முற்றத்துப் புல்தரை நல்ல இடம். 2025 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் புயல்கள் வந்து டொராண்டோவில் அரை மீட்டருக்கு மேல் பனி சேர்ந்தபோது, முதல் நாளே டிரைவ்வே ஓரத்தில் உயரமாகக் குவித்தவர்களுக்கு அடுத்த புயலின் பனியைப் போட இடமில்லாமல் போயிற்று. முதல் பனியைக் கூடுமானவரை தள்ளிப் போய்க் கொட்டுங்கள்.

5. பனி விழும் நாளில் வேலையின் வரிசை

பனி முழுவதும் நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஐந்தாறு செ.மீ. சேர்ந்ததும் ஒருமுறை தள்ளிவிடுங்கள், பிறகு மறுபடியும். புதுப் பனி லேசானது. ஆட்கள் மிதித்து, கார் ஏறி அமுங்கிய பனி தரையோடு ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு ஷவலுக்கு வராது. முக்கியமாக, இரவில் உறையும் முன் ஒருமுறை வழித்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் பக்கச் சுவரில் இருக்கும் ஹீட்டரின் புகைக்குழாய். அது பனியால் மூடினால் ஹீட்டர் நின்றுவிடலாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பலாம். குழாயைச் சுற்றிக் கையால் விலக்குங்கள், ஷவலால் குத்த வேண்டாம். எரிவாயு மீட்டரையும் அப்படியே.

அடுத்து பேஸ்மென்ட் படிக்கட்டு. தீ என்றால் அங்கே இருப்பவர்கள் வெளியேறும் வழி அதுவாக இருக்கலாம். மேல்படியிலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போகாதீர்கள், கதவு திறக்க முடியாமல் போய்விடும். ஒவ்வொரு படியாக அள்ளி மேலே எறியுங்கள்.

பிறகு வாசல் படியும் பாதையும். தபால்காரர், முதியவர், குழந்தை வண்டியோடு வரும் தாய் எல்லாரும் நடக்கும் இடம் என்பதால் டிரைவ்வேயை விட இதற்கே முதலிடம். ஒற்றையடித் தடம் மட்டும் வெட்டாமல் சக்கர நாற்காலி போகும் அகலத்துக்குத் திறங்கள். நம் வீடுகளில் காரை எடுக்க வேண்டும் என்று டிரைவ்வேயில் தொடங்குகிறார்கள், பாதி வேலையில் களைத்துப் படியை விட்டுவிடுகிறார்கள். அம்மம்மா விழுவது அந்தப் படியில்தான்.

டிரைவ்வேயை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளுங்கள். தெருவோர வரப்பைக் கடைசிக்கு வையுங்கள். ப்ளோ வண்டி இன்னும் வரவில்லையென்றால் அது மறுபடியும் சேரும். அந்த வரப்பு உப்பும் தண்ணீரும் கலந்த கனமான பனி. ஷவலைப் பாதி மட்டும் நிரப்புங்கள், காலை மடித்துத் தூக்குங்கள், தோளுக்கு மேலாக எறியாமல் உடம்பையே திருப்பிப் போடுங்கள்.

காரைச் சூடாக்க எஞ்சினைப் போடுகிறீர்கள் என்றால், முதலில் அதன் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள்.

நெஞ்சைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கடும் பனிக்கு அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் கூடுவதாக 2017-இல் வெளிவந்த கியூபெக் ஆய்வு காட்டியது. தெற்காசியர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏற்கனவே அதிகம். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு ஷவல் எடுக்கக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை உள்ளே வாருங்கள். நெஞ்சு இறுகினாலோ இடது கை வலித்தாலோ ‘இதை முடித்துவிட்டு’ என்று நிற்காமல் 911-ஐ அழையுங்கள். அப்பாவை அனுப்பிவிட்டுப் பிள்ளைகள் தூங்கும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

6. அள்ளிய பனியை எங்கே போடக் கூடாது

தெருவில் கூடாது. அனுமதியில்லாமல் தெருவில் பனி கொட்டுவது ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 181-ஆம் பிரிவின்படி குற்றம். மாநகராட்சி விதியும் தடுக்கிறது. கொட்டிய பனி இரவில் கட்டியாக உறைந்து அடுத்த வண்டியைச் சறுக்க வைக்கும்.

சிட்டி வழித்துவிட்டுப் போன நடைபாதையிலும் கூடாது. உங்கள் டிரைவ்வே பனியை அதன்மேல் போட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

தெருமுனையில் நடைபாதை சரிந்து இறங்கும் இடம், பேருந்து நிறுத்தம், தீயணைப்புக் குழாய், மழைநீர் வடிகால் வாய் ஆகிய இடங்களையும் விட்டுவிடுங்கள். முனை வீட்டுக்காரர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தெருவைக் கடக்க வருபவர் உங்கள் குவியலில் ஏறித்தான் இறங்க முடியும் என்றால், வழித்த பாதை இருந்தும் பயனில்லை. குவியலின் உயரம் டிரைவ்வேயிலிருந்து பின்னால் எடுக்கும் காருக்கு நடைபாதையை மறைக்காமலும் இருக்க வேண்டும்.

பனி வழிக்க ஆள் வைத்திருந்தால் இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இயந்திரம் கொண்டு வருபவர்கள் நேரம் மிச்சம் பிடிக்க எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் போவது உண்டு.

7. உப்பு கடைசியில், அதுவும் கொஞ்சம்

உப்பு பனியைக் கரைத்து ஒழிக்கும் என்று நினைத்து முழங்கால் பனிமேல் மூட்டையைக் கொட்டுகிறார்கள். உப்பின் வேலை ஐஸுக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடியை விடுவிப்பது. அதனால் முதலில் நன்றாக வழித்துவிட்டு, மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தின்மேல் தூவுங்கள். சிறிய காபிக் குவளை ஒன்று நடைபாதைச் சதுரங்கள் பத்துக்குப் போதும். தூவி, அது ஊறும்வரை பொறுத்து, இளகிய ஐஸை மறுபடி வழித்துவிடுங்கள். அப்படியே விட்டால் திரும்ப உறையும்.

தரை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணக் கல்லுப்பு அநேகமாக வேலை செய்யாது. அன்று இன்னும் இரண்டு கை போடுவதால் பலனில்லை. மணல் தூவுங்கள், கால் பிடிக்கும். கால்சியம் குளோரைடு இன்னும் கடும் குளிரிலும் வேலை செய்யும், விலை கூடுதல். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம், மேற்பரப்பு உரியும்.

தெருவில் கரைந்த உப்பு மழைநீர் வடிகால் வழியாக ஓடைகளுக்கும் அங்கிருந்து ஒன்டாரியோ ஏரிக்கும் போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று கனடா அரசின் மதிப்பீடு 2001-லேயே சொல்லிவிட்டது. நாம் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது.

8. சைக்கிள் பாதை

சைக்கிள் பாதை வீட்டுக்காரர் பொறுப்பில் வருவதே இல்லை. ஆனால் எல்லாச் சைக்கிள் பாதையும் ஒரே மாதிரி வழிக்கப்படுவதில்லை, ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளுக்குச் சிறிய இயந்திரம் தனியாக வரும். 2 செ.மீ. பனி சேர்ந்ததுமே அங்கு வேலை தொடங்கும். நடமாட்டம் மிகுந்த நடைபாதைகளுக்கும் இதே அளவு. வெறும் வெள்ளைக் கோடு போட்ட பாதைகள் தெருவோடு சேர்த்து வழிக்கப்படும், அதனால் ஓரத்தில் ப்ளோ வண்டி தள்ளிய பனி மிஞ்சும். குடியிருப்புத் தெருக்களிலோ ப்ளோ வண்டி வரவே 8 செ.மீ. பனி வேண்டும். பூங்காக்களுக்குள் போகும் பாதைகளில் மார்ட்டின் குட்மன் பாதை போன்ற சில குளிர்காலத்திலும் பராமரிக்கப்படுகின்றன. பலவற்றில் பராமரிப்பு கிடையாது. கோடையில் போன ஓடையோரக் குறுக்குவழி ஜனவரியிலும் இருக்கும் என்று நம்பி இரவு டெலிவரிக்குக் கிளம்பாதீர்கள். குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு வழியை, பிரித்த பாதைகளும் பெரிய தெருக்களும் வருமாறு, பகலிலேயே ஓட்டிப் பார்த்து வையுங்கள்.

பாதை அடைபட்டிருந்தால் சட்டப்படி தெருத் தடத்தில் வரலாம். ஓரத்துப் பனியை உரசிக்கொண்டு போவதைவிடத் தடத்தின் நடுவில் தெரியும்படி வருவது பாதுகாப்பு.

வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குப்பைத் தொட்டியைச் சைக்கிள் பாதையிலோ நடைபாதையின் குறுக்கிலோ வைக்காதீர்கள். சிறிய ப்ளோ இயந்திரம் அதைச் சுற்றிப் போக முடியாமல் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகும். அங்கே விழப் போவது அரைத் தூக்கத்தில் டெலிவரி முடித்துத் திரும்பும் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

9. சிட்டி வரவில்லையென்றால்

உடனே கோபப்படாமல் ‘ப்ளோ டிஓ’ என்ற சிட்டியின் இணைய வரைபடத்தைப் பாருங்கள். வண்டிகள் எங்கே இருக்கின்றன, எந்தத் தெரு முடிந்தது என்று காட்டும். சுற்று இன்னும் நடந்துகொண்டிருந்தால் புகார் கொடுத்தும் பயனில்லை. முடிந்ததாகக் காட்டியும் உங்கள் நடைபாதை அப்படியே கிடந்தால் அப்போது 311. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

‘எங்கள் தெரு மோசம்’ என்று சொன்னால் வேலை நகராது. எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த எண் வரை, தெருவின் எந்தப் பக்கம், பனியா ஐஸா, அங்கே பள்ளியோ முதியோர் இல்லமோ இருக்கிறதா என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு உங்கள் தொகுதி நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எண் இல்லாமல் எழுதினால் திரும்ப 311-க்கே அனுப்புவார்கள்.

ஒன்டாரியோ நகராட்சிகளுக்கான குறைந்தபட்சப் பராமரிப்பு விதி, நடைபாதைப் பனியை 8 செ.மீ.க்குள் கொண்டுவர 48 மணி நேரம் கொடுக்கிறது. நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சட்டம் மாநகராட்சியிடம் தாராளமாக இருக்கிறது, அடுத்த பகுதிக்கும் இது முக்கியம்.

10. யாராவது விழுந்துவிட்டால்

முதலில் சிகிச்சை. அதே நாளில், முடியாவிட்டால் கூட வந்தவரைக் கொண்டு, விழுந்த இடத்தைப் படம் எடுங்கள். கிட்டத்திலிருந்து ஒன்று, வீட்டு எண்ணோ கடைப் பலகையோ தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. அடுத்த நாள் ஐஸ் உருகிவிடும். போட்டிருந்த பூட்ஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது முதல் பகுதியின் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும்: அது யாருடைய நிலம்? மாநகராட்சி நடைபாதை என்றால், விழுந்த 10 நாட்களுக்குள் நகரசபைச் செயலருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நாள், நேரம், சரியான இடம் மூன்றும் அதில் இருக்கட்டும். நடைபாதைப் பனிக்கும் ஐஸுக்கும் மாநகராட்சி சாதாரணக் கவனக்குறைவுக்குப் பொறுப்பாகாது, மிகக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டும். 311-இல் முன்பே பதிவான புகார் எண்கள் இங்கே உதவும்.

தனியார் காணி என்றால், அதாவது வீட்டுப் படி, பிளாசாவின் கார் நிறுத்துமிடம் போன்றவை, 2021 ஜனவரி 29 முதல் கெடு 60 நாள். காணியைக் கையில் வைத்திருப்பவருக்கோ பனி வழிக்கும் ஒப்பந்தக்காரருக்கோ எழுத்தில், நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுக்க வேண்டும். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இந்த முதல் அறிவிப்பைத் தவறவிடுகிறவர்கள் பலர். தவறினால் நியாயமான காரணம் காட்டி நீதிமன்றத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டி வரும்.

விழுந்த இடம் எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியவில்லையென்றால் இரண்டு தரப்புக்கும் 10 நாளுக்குள்ளேயே அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் ரசீதை மருத்துவமனைத் தாள்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் வக்கீலைத் தேடலாம்.